நிழலுக்கு எல்லைக்கல்

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவிலிருந்து குளியலறைக் கதவு வரை இருபத்தோரு அடி நான்கு அங்குலம். சுமார் இருபது அடி என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் சுமார் என்ற சொல் எனக்கு ஆகாது. முப்பத்திரண்டு வருஷம் நிலம் அளந்து சம்பளம் வாங்கியவன் நான். ஒருநாள் காலையில் என் இடது காலும் இடது கையும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓய்வு பெற்றுக்கொண்டன. அதற்குப் பிறகு எனக்கு அளப்பதற்கு மிஞ்சியது இந்த இருபத்தோரு அடி நான்கு அங்குலம்தான்.

அந்த வழியில் ஒன்பது கற்கள் பதித்திருக்கிறது. மேலே மூன்று பெரிய மரங்கள். பக்கத்து மனை எங்கள் மனையைவிட ஒன்றரை அடி உயரம் என்பதால், மழை பெய்தால் அங்கிருந்து இறங்கும் தண்ணீர் எங்கள் வெறும் மண்ணைக் கரைத்துக் கற்கள்மேல் வழவழவென்று பூசிவிட்டுப் போகும். சிமென்ட் போட்டுப் பார்த்தோம். இரண்டே வருஷத்தில் வேர்கள் அதை அப்பளமாக உடைத்துத் தூக்கிவிட்டன. புல் நட்டோம், நிழலில் சோகை பிடித்துச் செத்தது. மறுபடி நட்டோம், மறுபடி செத்தது.

குளிக்கப் போய் சேற்றைப் பூசிக்கொண்ட கதை என்று ஊரில் சொல்வார்கள். போன மழைக்காலத்தில் நான் அதை எழுத்துக்கு எழுத்து நடத்திக் காட்டினேன். ஐந்தாம் கல்லில் கைத்தடி வழுக்கியது. எழுந்திருக்க முடியவில்லை. என் மனைவி ஆஸ்பத்திரி வேலை முடிந்து வரும்வரை இரண்டு மணி நேரம் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்தாள், பார்த்தாள், கைப்பையை வாசற்படியில் வைத்தாள், ஒரு நோயாளியைக் கழுவுவதுபோல் என்னைக் கழுவினாள். 

அன்றிலிருந்து நான் தனியாக அந்தக் கதவைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி என்பதால் மதியம் சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவருவாள். கழிப்பறையும் அந்தக் குளியலறைக்குள்ளேதான் என்பதால், என்னை அழைத்துப்போக ராத்திரியில் மூன்று முறை எழுந்திருப்பாள். வார்டில் அவள் பொறுப்பில் இருபத்தெட்டுக் கட்டில்கள். இருபத்தொன்பதாவது கட்டில் நான். கட்டிலுக்கு அடியில் ஒரு பாத்திரம் வைத்துக்கொள்ளலாமே என்று ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. திமிர்தான். கால் போனாலும் அது போகவில்லை.

அவளுடைய தங்கை, என் மச்சினி, மாதாமாதம் போன் செய்வாள். "அக்கா, இங்க வந்து ஒண்ணும் செய்ய வேணாம். பத்து நாள் தூங்கிட்டுப் போ, போதும்." என் மனைவி ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொல்வாள்: "வழி சரியாகட்டும்டி, வரேன்." அந்த மண் ஒரு மழைக்கு நின்றுவிட்டால் அவள் பத்து நாள் தூங்குவாள். எங்கள் வீட்டில் வேறு ஆசையே அப்போது கிடையாது.

அப்போதுதான் செயின்மேன் வந்தார். அளவுச் சங்கிலியின் மறுமுனையை இருபது வருஷம் எனக்காகப் பிடித்தவர். ஓய்வுக்குப் பிறகு வனத்துறை நாற்றங்காலில் வேலைக்குப் போகிறார். ஜன்னல் வழியாகக் கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"புல்லை விட்டுத்தள்ளுங்க சார். அதுக்கு வெயில் வேணும். காட்டுக்குள்ள மரத்தடியில, தரையே தெரியாம ஒண்ணு படர்ந்து கிடக்கும். நாம அளக்கப் போறப்ப அது மேல உக்காந்துதான சாப்பிடுவோம்? அதைப் போடுங்க."

"அதுக்குப் பேரு என்னய்யா?"

"ஆபீஸ்ல ஒரு பேரு எழுதி வெச்சிருக்காங்க. படிச்சு முடிக்கிறதுக்குள்ள செடி காய்ஞ்சிடும். நாங்க மரத்தடியான்னுதான் சொல்றது."

மறுவாரம் தொண்ணூற்றாறு கன்றுகளைக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளங்கையில் பாதி அகலம் வட்ட இலை. தண்டு தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர் பிடிக்கும். அந்த வேர்தான் மண்ணைக் கட்டும் என்றார்.

"ஒரு வருஷம் தண்ணி காட்டுங்க சார். உதிர்ற இலையைக் கூட்டிடாதீங்க, அதுதான் அதுக்குச் சோறு. கோடை வந்தா மேல எல்லாம் காய்ஞ்சு ஒண்ணுமே இருக்காது. செத்துப்போச்சுன்னு கைய வெச்சிடாதீங்க. அடியில கிழங்கு தூங்கிட்டு இருக்கும். மழை விழுந்தா தானா எழுந்திரிக்கும். உச்சி வெயில் மட்டும் ஆகவே ஆகாது."

"படாது. நான் அளந்து குடுக்கிறேன்," என்றேன். என் ஆணவம் அங்கே ஆரம்பித்தது.

பன்னிரண்டு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடியில் பலகை, அதன்மேல் கட்டம் போட்ட தாள். மணிக்கு மணி நிழலின் விளிம்பு எங்கே விழுகிறது என்று குறித்தேன். வேலை முடிந்து வந்த மனைவி நான் சொன்ன இடத்திலெல்லாம் குச்சி அடித்தாள். நாற்பத்தொரு குச்சி, சுற்றி நூல். உச்சி வெயில் படாத பரப்பு உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தாளில் வந்து நின்றது. பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு ஒரு வேலை கிடைத்த சந்தோஷம். அவளுக்கு எத்தனை வேலை கூடிற்று என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

மூன்று பிற்பகல்கள் அவள் முழங்காலில் நின்று நட்டாள். மண்ணைக் கொத்தி, மக்கிய இலையைக் கலந்து, ஒரு சாண் இடைவெளியில் மாற்றி மாற்றி வரிசை போட்டாள். நான் ஜன்னலிலிருந்து மேற்பார்வை.

"அது ரெண்டு அங்குலம் வெளிய போகுது பாரு. இடது பக்கம் தள்ளு."

"உங்க எல்லைத் தகராறையெல்லாம் கோர்ட்ல வெச்சுக்கங்க," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எழுந்திருக்கும்போது மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

செடி பிடித்தது. மூன்று மாதத்தில் ஒரு கன்று இன்னொன்றைத் தொட்டது. சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கூட வைத்தது. போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் ஜன்னலைத் திறந்து காட்டினேன். தாளையும் காட்டினேன்.

அடுத்த இரண்டு மாதத்தில் சூரியன் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. மரத்துக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அதன் வழியாக நாலாம் கல்லிலிருந்து ஏழாம் கல் வரை நடுப்பகல் வெயில் நேராக இறங்கியது. ஒரே வாரத்தில் அந்த இடம் முழுக்கப் பொசுங்கிவிட்டது. குச்சிகள் அடித்த இடத்திலேயே நின்றன, நூல் அவிழவில்லை. நிழல்தான் நகர்ந்துவிட்டிருந்தது.

எல்லைக்கல் நட்டால் நட்ட இடத்தில் நிற்கும். அப்படியே முப்பத்திரண்டு வருஷம் பழகிவிட்டவன், நிழலுக்கும் எல்லைக்கல் நட்டுவிட்டேன். பருவத்துக்குப் பருவம் வெயில் சாயும் என்பது ஆடு மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரியும். அன்றாடம் வெயிலில் நின்று வேலை பார்த்த எனக்கு அது தோன்றவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று செயின்மேன் ஆறுதல் சொன்னார். ஆனை அடுத்தவர் முழங்காலில் நின்று நட்டதைக் கெடுக்கவில்லையே.

அவள் வந்து பார்த்தாள். "சரி," என்றாள். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட படுக்கை விரிப்புகளைக் கேட்டு வாங்கிவந்து, மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அந்தச் சந்தை மறைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே. அவளிடம் அது தீர்ந்துபோயிருந்தது என்று அந்தச் 'சரி'யில் எனக்குத் தெரிந்தது. வெட்கத்தில் அன்று அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

கோடை வந்தது. செயின்மேன் சொன்னபடியே, மிச்சமிருந்த செடியும் ஒரு இலை விடாமல் காய்ந்து தரைக்குள் போயிற்று. கொல்லை பழையபடி மொட்டை. இந்தத் தடவை தவறு செய்வது அவள் முறை.

ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன், சீருடையோடு குனிந்து உட்கார்ந்து ஒரு கரண்டியால் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே அங்க?"

"பாக்கிறேன்."

"என்னத்தை?"

"உயிர் இருக்கான்னு."

ஒரு கிழங்கை எடுத்து, நகத்தால் லேசாகக் கீறி, மோந்து பார்த்து, திரும்பப் புதைத்து மண்ணைத் தட்டிவிட்டாள். மறுநாள் அதற்கடுத்தது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் போய்ப் பார்த்து, புரட்டிப் படுக்கவைத்து, குறித்து வைத்தே பழகிய கை. கண்ணில் படாமல் ஒன்று பிழைத்துக் கிடக்கும் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. உதிர்ந்த இலைகளையும் கூட்டிவிட்டாள். கூட்டாதே என்று கத்தினேன். "அழுக்கு மேலயா ஒரு உயிரைப் படுக்க வெப்பாங்க?" என்று திருப்பிக் கேட்டாள்.

"விதைச்சவன் தோண்டித் தோண்டிப் பாத்தா விளையுமா? ஏன் இப்படிப் பண்றே? அதை விடு!"

"விட்டுட்டுப் போறது எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா எப்பவோ போயிருப்பேன்."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். கரண்டியைக் கழுவி அடுப்பங்கரையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்று மதியம் வந்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒன்பது கற்களையும் கடந்தோம், திரும்பினோம்.

அதற்கடுத்த வாரம்தான் அது நடந்தது. மதியம் வரவேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே, தலைமை நர்ஸ் கையைப் பிடித்து அழைத்துவந்து வீட்டில் விட்டார். மருந்துத் தட்டைப் பிடித்தபடி வார்டு நடுவில் நின்றுகொண்டே தூங்கியிருக்கிறாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தலைமை நர்ஸ் கண்டிப்பானவர், ஆனால் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "பத்து நாள் லீவு எழுதிக் குடுத்துட்டு எங்கயாவது போய்ப் படு. நீ எழுதலன்னா நானே எழுதிடுவேன். இது உனக்காக மட்டும் சொல்லல, வார்டுக்காகவும் சொல்றேன்."

அவர் போனபிறகு என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். "கண்ணைத் தொறக்கிறேன், கையில தட்டு இருக்கு. எந்தக் கட்டிலுக்குன்னு தெரியல. இருபத்தாறு வருஷத்துல இப்படி ஆனதில்லங்க. பயந்துட்டேன்."

"நாளைக்கே தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பு."

"எப்படிப் போவேன்? இன்னும் பத்துப் பதினஞ்சு நாள்ல மழை வந்துடும். கொல்லை மொட்டையா கிடக்கு."  பிறகு, "அந்தச் செடி செத்துப்போச்சுன்னா இப்பவே சொல்லிடுங்க. காத்துக்கிட்டே இருக்க எனக்கு முடியல," என்றாள். செடியைப் பற்றி இப்படி யாரும் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததில்லை.  அவள் முதுகில் என் வலது கையை வைத்தேன்.

செடி முளைக்கும்வரை என்று தலைமை நர்ஸிடம் தவணை கேட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். மழை பன்னிரண்டாம் நாளே வந்துவிட்டது. முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம், கதவை ஒட்டி, சிவப்பும் பச்சையுமாகச் சுருண்ட மூக்குகள் மண்ணை முட்டிக்கொண்டு வந்தன. ஜன்னலிலிருந்து எண்ணினேன். முதல் மூன்று கற்களைச் சுற்றி நன்றாக வந்திருந்தது. எட்டாம் கல்லிலிருந்து குளியலறை வரைக்கும் பரவாயில்லை. நடுவில், நான் பொசுக்கிய இடத்தில், ஆங்காங்கே ஒன்றிரண்டு. ஒரு பெருமழை கொட்டியதும் நாலாம் கல்லிலிருந்து ஏழாம் கல் வரை சேறு பழையபடி ஏறி உட்கார்ந்துகொண்டது.

செயின்மேன் குடையோடு வந்து பார்த்தார். "அடுத்த வருஷ மழைக்குள்ள ரெண்டு பக்கத்துலேருந்தும் ஓடிவந்து நடுவையும் மூடிரும் சார்," என்றார். நல்ல செய்தியாகத்தான் சொன்னார். அடுத்த வருஷம்! இவள் அடுத்த வாரத்தைத் தாண்டுவாளா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவரை உட்காரவைத்து, பத்து நாளைக்குப் பொழுது சாயும் வேளையில் வந்து, ராத்திரி இங்கேயே தங்கி, காலையில் போக முடியுமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். நடுவில் இருக்கும் பகல் என் பாடு.

அன்று வேலை முடிந்து வந்தவள், சீருடையைக்கூட மாற்றாமல் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிடிச்சிடுச்சா?"

அவள் நின்ற இடத்திலிருந்து எல்லாம் தெரியும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. நடுக் கற்கள் நாலும் சேற்றில் பளபளத்தன. என் தொழிலில் அரை அடியை இந்தப் பக்கம் தள்ளி எழுதச் சொல்லி எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். பெரிய பெரிய ஆட்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி மிரட்டியிருக்கிறார்கள். ஒரு அங்குலம் நான் மாற்றி எழுதியதில்லை.

"பிடிச்சிடுச்சு," என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தாள். "நடுவுல?"

"நடுவுலயும்தான். நீ மேல இருந்து பாக்கிற, அதான் உனக்குத் தெரியல. நான் பகலெல்லாம் பாத்துக்கிட்டே இருக்கேன். அளந்தாச்சு."

"அளந்துட்டீங்களா?"

"அளந்துட்டேன். நீ கிளம்பு."

பொய் சொல்லும் நோயாளிகளை இருபத்தாறு வருஷம் பார்த்தவள். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு விழுங்கியாச்சு என்பவனை ஒரு பார்வையில் பிடித்துவிடுவாள். என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். கொல்லையைப் பார்த்தாள். பிறகு அவள் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின.

"சரி," என்றாள். உள்ளே போய்ப் பையை எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். முதல் இரண்டு நாள் வானம் வெறித்தது. நான் தடியை ஊன்றி, கல் கல்லாக, ராஜா மாதிரி போய்வந்தேன். மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்தே மூட்டம். செயின்மேன் வேலைக்குக் கிளம்பிப் போன ஒரு மணி நேரத்தில் மழை பிடித்தது. பிடித்தது விடவில்லை. மதியம்வரை அடக்கிப் பார்த்தேன். இயற்கைக்கு எந்தச் சட்டமும் கிடையாது.

கொல்லைக் கதவைத் திறந்தேன். நாலாம் கல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நின்று போனால் விழுவேன், விழுந்தால் பொழுது சாயும்வரை கிடப்பேன், செய்தி அவளுக்குப் போகும், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவாள். தடியைக் கதவில் சாய்த்து வைத்தேன். படியில் உட்கார்ந்தேன். அப்படியே, உட்கார்ந்த வாக்கிலேயே, வலது கையை ஊன்றி, வலது காலால் உந்தி, பின்பக்கத்தால் நகர்ந்தேன். எழுபத்தோரு கிலோ, கொட்டுகிற மழையில், ஒரு கல்லுக்கு நாலு தடவை உந்த வேண்டியிருந்தது. பக்கத்து மாடியில் யாராவது நின்று பார்த்தார்களா தெரியாது. பார்த்திருந்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆறாம் கல்லில் மூச்சு வாங்க நின்றேன். சேற்றில் ஊன்றிய கைக்குப் பக்கத்தில் இரண்டு முளை. ஜன்னலிலிருந்து அவை என் கணக்கில் வரவில்லை. அவள் கரண்டியால் கிண்டிக் கீறிப் பார்த்த இடம்தான் அது. நசுங்காமல் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு மேலே நகர்ந்தேன். போய், முடித்து, உடம்பையும் துணியையும் கழுவி, அதே மாதிரி திரும்பிவந்து, கதவை ஒட்டிய படியில் மறுபடி ஒருமுறை துடைத்துக்கொண்டு உள்ளே போக ஒன்றேகால் மணி நேரம் ஆனது.  அழுகையும் வந்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

சாயங்காலம் போன் செய்தாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அங்க மழையா?"

"தூறல்."

"வழுக்கலையே?"

"எங்க வழுக்குது? அதான் பிடிச்சிடுச்சேன்னு சொன்னேனே."

"ம்... தனியா போகலையே?"

"செயின்மேன்தான் காவல் தெய்வம் மாதிரி நிக்கிறாரே. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்... இவ வீட்டுல ஜன்னலெல்லாம்... நாளைக்கு..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். நான் காத்திருந்தேன். ஜன்னலுக்கு என்ன, நாளைக்கு என்ன என்று கேட்க வாயெடுத்தபோது, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பழைய பெட்டியை இழுப்பதுபோல், விட்டு விட்டு. எனக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது. குறட்டை.

கல்யாணம் ஆன புதிதில் அவள் குறட்டையைச் சொல்லித்தான் நான் கேலி செய்வேன். சத்தியமாக விடுவதில்லை என்று சண்டைக்கு வருவாள். அவள் குறட்டை விடுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நான் விழுந்த அந்த மழைக்காலத்துக்குப் பிறகு, குறட்டை வருகிற அளவுக்கு அவள் தூங்கியதேயில்லை.

யாரோ போனை எடுத்தார்கள். மச்சினிதான்.

"மாமா, பேசிக்கிட்டே தூங்கிட்டா. எழுப்பட்டுமா?"

"எழுப்பாதே," என்றேன். "போனை அப்படியே அவ பக்கத்துல வெச்சிட்டுப் போம்மா."